டியூன் செய்யும்வரை டர்போ போட்ட காரை பூஸ்ட் இல்லாமல் ஓட்டலாமா?

கேட்டவரிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். டர்போ கிட் மாட்டியாகிவிட்டது (எக்ஸாஸ்டால் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவது டர்போ, அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்). ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்), பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாம் கம்பெனியில் வந்தவையே. ஈசியூவை டர்போவுக்கு ஏற்ப அமைத்துத் தரும் டியூனரிடம் நாள் கிடைக்க சில வாரம் ஆகுமாம். அதுவரை வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்டை டர்போவின் டர்பைன் சக்கரத்துக்குப் போகாமல் விலக்கிவிடும் கதவு) ஹோஸைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா என்கிறார்.

ஓட்டலாம். ஆனால் அந்த ஹோஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் வழியே வரும் அழுத்தம்தான் வேஸ்ட்கேட்டைத் திறக்கிறது. கழற்றிவிட்டால் ஸ்பிரிங் கேட்டை மூடியே வைத்திருக்கும், எக்ஸாஸ்ட் மொத்தமும் டர்பைன் வழியாகப் போகும், பூஸ்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும். கம்ப்ரஷன் 9.4:1 உள்ள இன்ஜினில், டியூன் இல்லாத நிலையில் சில நொடி நாக்கிங்கே (கலவை தானாக வெடிப்பது) பிஸ்டனை உடைக்கப் போதும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. வேஸ்ட்கேட்டை அசைக்கும் ஆக்சுவேட்டர் ராடின் முனையில் உள்ள கிளிப்பை எடுத்து, ராடைக் கழற்றி, கேட்டின் கையை முழுக்கத் திறந்த நிலையில் ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டிவிடுங்கள். அப்போதும் டர்போ சுற்றத்தான் செய்யும். ஆர்பிஎம் ஏறினால் கொஞ்சம் பூஸ்ட் எட்டிப் பார்க்கும். அதனால் 3,500-க்குள் வைத்து, பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். பூஸ்ட் கேஜின் இணைப்பு த்ராட்டிலுக்குப் பிறகு, இன்டேக் மேனிபோல்டிலிருந்து வர வேண்டும். முள் பூஜ்யத்துக்குக் கீழே, வாக்யூமிலேயே இருக்கும்வரை பழைய ஈசியூ சமாளிக்கும்.

இன்டர்கூலர் பைப்பைக் கழற்றி, த்ராட்டிலில் நேராக ஃபில்டர் மாட்டச் சொல்பவர்களும் உண்டு. மேப் சென்சார் (மேனிபோல்டு அழுத்தத்தை அளப்பது) வைத்த கார்களில் அது நடக்கும். உங்கள் 1.6-இல் நடக்காது. அதில் காற்றை அளப்பது டர்போவுக்கு முன்னால் இருக்கும் மடல் வைத்த ஏர்ஃப்ளோ மீட்டர். பெட்ரோல் பம்ப்பை ஓட வைக்கும் சுவிட்சும் அதற்குள்ளேயே இருக்கிறது. காற்று வேறு வழியில் போனால் மடல் அசையாது. ஸ்டார்ட்டரை விட்டதும் வண்டி நின்றுவிடும். இதே காரணத்தால் மீட்டருக்குப் பிறகு எந்தக் கிளாம்பிலும் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. இருந்தால் அளக்காத காற்று உள்ளே போய் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும்.

பெரிய இன்ஜெக்டரை இப்போதே மாட்டும் ஆசை வேண்டாம். பழைய ஈசியூ அதையும் பழைய அளவுக்கே திறந்துவைக்கும்; மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். பேஸ் டைமிங்கை (ஸ்பார்க் எவ்வளவு முன்னால் வரும் என்ற அடிப்படை அளவு) யாராவது 14 டிகிரிக்கு ஏற்றி வைத்திருந்தால் (இந்தக் கார்களில் அது ரொம்ப சகஜம்) 10-க்கே இறக்குங்கள்.

உண்மையில் எனக்குப் பூஸ்டைவிட ஆயில்தான் கவலை. பூஸ்ட் இல்லாவிட்டாலும் டர்போ ஷாஃப்ட் ஆயிரக்கணக்கான ஆர்பிஎம்மில் சுற்றும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன், ஹெட்டின் பின்பக்கம் உள்ள கேம் ஆங்கிள் சென்சார் பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்பார்க்கும் பெட்ரோலும் வராது. ஆயில் பிரஷர் முள் எழும்வரை, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி, ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்றுங்கள். டர்போவிலிருந்து திரும்பும் ஆயில் ஹோஸ் எங்கும் மேல்நோக்கி வளையாமல் இறங்கட்டும், இல்லாவிட்டால் சீல் வழியே கசிந்து சைலன்சரில் நீலப்புகை வரும். சில தடவை சூடாகி ஆறிய பிறகு எக்ஸாஸ்ட் மேனிபோல்டு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

டியூனரிடம் போகும்போது அந்த ராடு கிளிப்பில் கூடுதலாக இரண்டு எடுத்துப் போங்கள். திரும்ப மாட்டும்போது தெறித்து, இன்ஜின் பேயில் எங்கேயோ காணாமல் போய்விடும்.