வாசகர் கேள்வி – பதில்: ஏரியும் ஊரும்

கேள்வி: பொதுவில் விடப்பட்ட மேய்ச்சல் நிலமும் நீர்நிலையும் ஒவ்வொருவருடைய தன்னலத்தாலும் அழிந்தே தீரும் என்று கல்லூரியில் படித்தோம். அரசு எடுத்துக்கொள்வது, தனியாருக்குக் கொடுப்பது ஆகிய இரண்டையும் விட்டால் வேறு வழியே இல்லையா?
– ஒரு மாணவி, திருவண்ணாமலை

பதில்: நீங்கள் படித்தது 1968இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் முன்வைத்த வாதம். யார் வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றிருக்கும் இடத்துக்கு அது பொருந்தும். ஊர் ஏரி அப்படிப்பட்ட இடமன்று. அதில் யாருக்கு எந்த மடையில் தண்ணீர், யார் வீட்டிலிருந்து கரைவேலைக்கு எத்தனை ஆள் என்பதற்கெல்லாம் வழக்கம் உண்டு. சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானிய ஊர்க்காடுகள், பிலிப்பைன்ஸின் பாசனச் சங்கங்கள் ஆகியவற்றை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம், மக்கள் தாமே விதி வகுத்துத் தாமே காவல் காத்த இடங்களில் பொதுவளம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருப்பதைக் காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஸ்பெயினின் வலென்சியாவும் ஒன்று. துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த நடுவர்கள், வியாழக்கிழமை நண்பகலில் அங்குள்ள பேராலய வாயிலில் அமர்ந்து தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வாய்க்காலைச் சேர்ந்தவரோ அந்த வாய்க்காலின் நடுவர் தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. என் மனத்தில் ஆழப் பதிந்தது இந்த ஒரு விதிதான்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரிக் கரையையும் பலப்படுத்தினார்கள். மூன்றே ஆண்டுகளில் வரத்துக்கால்வாய் மறுபடியும் தூர்ந்துவிட்டது. இது ஏன்?
– ஒரு விவசாயி, செய்யாறு

பதில்: தூர்வாருவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை, வரத்துக்கால்வாயைக் காப்பதோ ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் செய்தாக வேண்டிய வேலை. முதலாவதற்குப் பணம் போதும், இரண்டாவதற்கு ஊர் வேண்டும். அந்த ஊர் எப்படிக் கலைந்தது என்பதை அறிந்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையில் எடுத்த ஊர்க்கணக்குகளைப் பார்த்தால், களத்தில் நெல்லைப் பங்கிடுவதற்கு முன்பே கோயில், கணக்கர், தச்சர் முதலியோருக்கு ஒதுக்கியதைப் போலவே ஏரிப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது தெரிகிறது. பின்னர் வந்த ரயத்துவாரி முறை ஒவ்வொரு பட்டாதாரரையும் தனித்தனியே அரசோடு பிணைத்ததால், பொதுக்குவியலும் அதிலிருந்து எடுத்த பங்கும் தேய்ந்து மறைந்தன. 1858இல், ஏரி, கால்வாய்களை ஊரார் தாமே கூடிச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராதவரிடம் அவர் செய்யவேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு வசூலிக்கலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றினார்கள். வழக்கம் தானாக நடந்துகொண்டிருந்தால் அதற்குச் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

இன்னும் ஆழமான காயத்தை ஏற்படுத்தியவை கிணறும் மின்மோட்டாரும் என்பது என் கருத்து. கிணறு வெட்டிக்கொண்ட வசதியுள்ளவர் மடைத் தண்ணீரை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே கரைவேலைக்கு ஆள் அனுப்புவதிலும் மதகைத் திறந்து மூடித் தண்ணீர் பங்கிடும் ஊழியரான நீர்க்கட்டிக்கு நெல் அளப்பதிலும் அவருக்கு அக்கறை குறைந்தது. ஊர்க்கூட்டத்தில் யாருடைய சொல் எடுபடுமோ அவர்களே விலகிக்கொண்டபின், மிஞ்சிய கடைமடைக்காரர்களால் ஏரியைத் தாங்க முடியவில்லை. இத்தனைக்கும் அந்தக் கிணறுகளில் ஊறுவது பெரும்பாலும் ஏரியின் தண்ணீரே.

ஆகவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன் மூன்று காரியங்களை முடிவு செய்யுங்கள். ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் நிலமுள்ளவர்களோடு கிணற்றுக்காரர்களையும் பட்டியலில் சேர்த்து, ஏக்கருக்கு இவ்வளவு உழைப்பு அல்லது பணம் என்று தீர்மானியுங்கள். ஏரி பாதிதான் நிரம்பினால் ஒவ்வொருவரும் எவ்வளவு பயிரிடலாம் என்பதைத் தண்ணீர் வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள்; வறண்ட மடையின் அருகில் நின்று பேசினால் சண்டையில்தான் முடியும். மூன்றாவதாக, மதகைத் திறக்கவும் மூடவும் ஒரு நீர்க்கட்டியை அமர்த்தி, அவர் மூடிய மதகை வேறு யாரும் திறக்கக்கூடாது என்பதை ஊரறியச் சொல்லுங்கள்.

கேள்வி: உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு சொல்கிறோம். அதில் இன்றைக்குப் பயன்படுவது ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

பதில்: உண்டு. முதற் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊரின் முப்பது பிரிவுகளான குடும்புகளிலிருந்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை மூலம் ஆள் தெரிந்தெடுத்து, அவர்களிலிருந்து ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை அமர்த்தும் முறையை விவரிக்கின்றன. எல்லாரும் குடவோலையைப் பேசுகிறார்கள். நான் மதிப்பது தகுதியின்மைப் பட்டியலை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. பொதுப்பணம் ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவரும் என்பதை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய விதி இது.

அதே கல்வெட்டு கால் வேலி (வேலி ஒரு நில அளவு) அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் கேட்கிறது. அது பிராமணர்களின் சபை. ஏரி மண்ணைச் சுமந்தவர்கள் அந்தக் குடத்துக்கு வெளியேதான் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கேள்வி: எனக்கு நிலமில்லை. ஏரி வேலைக்குப் போகிறேன், ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறேன். ஏரிக் கூட்டத்தில் பேச எனக்கு உரிமை உண்டா?
– ஒரு வாசகி, மேல்மருவத்தூர் அருகிலிருந்து

பதில்: உங்களுக்குப் பேச உரிமை இல்லையென்றால் அந்தக் கூட்டத்தை ஊர்க்கூட்டம் என்று சொல்லவே முடியாது. பல ஊர்களில் நீர்க்கட்டிகள் ஒடுக்கப்பட்ட சாதியினரே. மதகு அவர்கள் கையில் இருந்தும், முடிவு அவர்கள் கையில் இருந்ததில்லை. 2000இல் வந்த பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் சங்கங்களும் நிலவுடைமையாளர்களையே உறுப்பினராக்குகின்றன. அந்தச் சங்கத்துக்குள் இன்று உங்களுக்கு இடமில்லாவிட்டாலும் கிராமசபையில் உண்டு. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அக்கூட்டத்துக்குப் பத்துப் பெண்களோடு சென்று, ஏரியின் மீன்பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் எவ்வளவுக்குப் போயின, அந்தப் பணத்தில் வரத்துக்கால்வாய்க்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்ன பிறகு கையெழுத்திடுங்கள்.