உலக வர்த்தகமும் சுங்கவரியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

உலக வர்த்தகத்தின் நீண்டகால வளர்ச்சி பற்றியும், அதில் இறக்குமதி வரிக் குறைப்புக்கு என்ன பங்கு என்பது பற்றியும் வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலத்தில் மாணவர்களும் இதையெல்லாம் கேட்பார்கள். அப்போது மணி அடித்துவிட்டதால் பாதியில் நின்ற பதில்களையும் இங்கே முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கேள்வி: சார், உற்பத்தியைவிட வர்த்தகம் வேகமாக வளரும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எப்போதுமே அப்படித்தானா?

இல்லை அம்மா. பொருளாதார வரலாற்றறிஞர் ஆங்கஸ் மேடிசன் போட்ட கணக்கைப் பாருங்கள். 1870 முதல் 1913 வரை உலக ஏற்றுமதி ஆண்டுக்கு 3.4 சதவீதம் வளர்ந்தது, உற்பத்தி 2.1 சதவீதம். அடுத்து இரண்டு உலகப்போர்களும் பெருமந்தமும் (1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவு) வந்த 1913–1950 காலத்தில் இது தலைகீழானது: உற்பத்தி 1.8 சதவீதம், வர்த்தகம் 0.9 மட்டுமே. 1950 முதல் 1973 வரை வர்த்தகம் 7.9 சதவீதம், உற்பத்தி 4.9 சதவீதம். அதன்பின் 1998 வரை சுமார் 5, 3 என்று இரண்டுமே மெதுவாகின.

7.9, 4.9 இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். கூட்டுவட்டி போலக் கணக்குப் போடுங்கள். 23 ஆண்டுகளில் உற்பத்தி மூன்று மடங்காகும், வர்த்தகமோ ஐந்தே முக்கால் மடங்காகும். "எப்போதுமே" என்று புத்தகம் சொல்லும் இடத்தில் பென்சிலால் "1870–1913, 1950–1998 காலங்களில்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1930-இல் அமெரிக்கா வரியை ஏற்றியதால்தான் பெருமந்தம் வந்தது என்கிறார்களே?

தேதிகளைப் பார்த்தாலே தெரியும். பங்குச்சந்தை சரிந்தது 1929 அக்டோபரில். ஸ்மூட்-ஹாலி வரிச் சட்டத்தில் அதிபர் ஹூவர் கையெழுத்திட்டது 1930 ஜூனில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தும் அவர் கேட்கவில்லை. மந்தத்தை அந்தச் சட்டம் உண்டாக்கவில்லை, ஆனால் மோசமாக்கியது. கனடா பதிலுக்கு வரி போட்டது. தலைமுறைகளாகத் தடையற்ற வர்த்தகம் பேசிய பிரிட்டன்கூட 1932-இல் கனடாவின் ஒட்டாவாவில் கூடித் தன் சாம்ராஜ்யத்துக்குள் மட்டும் சலுகை என்ற வேலியைப் போட்டுக்கொண்டது. 1929-க்கும் 1933-க்கும் இடையில் உலக வர்த்தகத்தின் டாலர் மதிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதில் விலைவீழ்ச்சிக்கும் வருமான வீழ்ச்சிக்கும்தான் பெரிய பங்கு.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அன்றைய அமெரிக்க வரிகளில் பெரும்பகுதி சதவீதமாக இல்லை. எடைக்கு இவ்வளவு, கெஜத்துக்கு இவ்வளவு என்று இருந்தன. ஒரு கெஜம் துணி 100 காசு, வரி 40 காசு என்று வையுங்கள். மந்தத்தில் துணி 60 காசுக்கு இறங்கினாலும் வரி அதே 40 காசு. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாமல் 40 சதவீதம் 67 ஆகிவிடும். வரிக்குட்பட்ட பொருள்கள் மீதான சராசரி வரி 1932-இல் 59 சதவீதம் வரை போனதற்கு இது முக்கியமான காரணம்.

கேள்வி: காட் (GATT, சுங்கவரி, வர்த்தகம் பற்றிய பொது உடன்பாடு) ஒப்பந்தம் 40 சதவீதமாக இருந்த சராசரி வரியை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தது. இது சரியான தகவலா?

முடிவு சரி, தொடக்கம் சரியில்லை. 1947 அக்டோபரில் ஜெனீவாவில் 23 நாடுகள் கையெழுத்திட்டன. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நான்கும் அந்த முதல் பட்டியலில் இருந்தவை. அன்றைக்குச் சராசரி வரி 40 சதவீதம் என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அதுவே நிலைத்துவிட்டது. பொருளாதார அறிஞர்கள் சாட் பவுன், டக்ளஸ் இர்வின் இருவரும் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது முக்கிய நாடுகளில் அது சுமார் 22 சதவீதம்தான் என்று தெரிந்தது. நான் பாடம் நடத்தியபோது 40 என்றே சொல்லிக்கொடுத்தேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

காட் நாடுகள் நடத்திய முதல் சில பேச்சுவார்த்தைச் சுற்றுகளில் பொருளுக்குப் பொருள் பேரம் பேசினார்கள். 1964–67 கென்னடி சுற்றில்தான் மொத்தமாக ஒரே வீதத்தில் குறைக்கும் முறை வந்தது. தொழிற்பொருள்கள் மீதான வரி சுமார் 35 சதவீதம் குறைந்தது. டோக்கியோ சுற்று, பிறகு 1986–94 உருகுவே சுற்று. அது முடிந்தபோது பணக்கார நாடுகளின் தொழிற்பொருள் வரி 3.8 சதவீதத்துக்கு இறங்க ஒப்புதலாகியிருந்தது. 1995 ஜனவரி 1-இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது.

கேள்வி: சரி, வரி குறைந்ததால்தானே வர்த்தகம் வளர்ந்தது? இதில் சந்தேகம் என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வரி இறங்கும் கோட்டையும் வர்த்தகம் ஏறும் கோட்டையும் ஒரே தாளில் போட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஸ்காட் பேயர், ஜெஃப்ரி பெர்க்ஸ்ட்ராண்ட் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 1950களின் கடைசியிலிருந்து 1980களின் கடைசிவரை பணக்கார நாடுகளுக்கிடையே நடந்த வர்த்தக வளர்ச்சியைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் 67 சதவீதம் வருமானம் வளர்ந்ததால் வந்தது. வரிக் குறைப்பால் வந்தது 25 சதவீதம். போக்குவரத்துச் செலவு குறைந்ததால் 8 சதவீதம். அதாவது மக்கள் கையில் காசு சேர்ந்ததால் உள்ளூர்ச் சரக்கையும் வெளியூர்ச் சரக்கையும் சேர்த்தே வாங்கினார்கள். நாலில் ஒரு பங்கு என்பதும் சிறியதல்ல, ஆனால் மேடைகளில் சொல்வதுபோல அது முழுக்கதை இல்லை.

அப்புறம் இன்னொரு சிக்கல். 1980களுக்குப் பிறகு வரி இறங்கியது கொஞ்சம்தான், ஆனால் வர்த்தகம் பாய்ந்து போனது. கெய்-மு யீ என்ற பொருளாதார அறிஞர் 2003-இல் இதற்கு விளக்கம் கொடுத்தார். ஒரு நாட்டின் பஞ்சு, இன்னொரு நாட்டில் நூலாகி, மூன்றாவதில் துணியாகி, நான்காவதில் சட்டையாகி, ஐந்தாவது நாட்டின் கடைக்குப் போகிறது. ஒவ்வொரு எல்லையிலும் வரி. எனவே ஒரு சதவீதம் குறைத்தாலும் அந்தச் சட்டைக்கு அது பலமுறை குறைந்ததாக ஆகும். கணக்கிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஏற்றுமதிப் புள்ளிவிவரம் ஒவ்வொரு எல்லையிலும் சரக்கின் முழு மதிப்பையும் எண்ணும், ஆகவே அதே பஞ்சு நான்கு முறை எண்ணப்படும். உற்பத்திக் கணக்கு அந்தந்த நாட்டில் புதிதாகச் சேர்ந்த மதிப்பை மட்டும் எண்ணும். வர்த்தகம் உற்பத்தியைத் தாண்டி ஓடியதில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

கேள்வி: போக்குவரத்துக்கு வெறும் 8 சதவீதமா? கன்டெய்னர் வந்து உலகமே மாறவில்லையா, அண்ணா?

மாறியது தம்பி. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 பெட்டிகளை நியூ ஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். டன்னுக்கு 5.86 டாலராக இருந்த ஏற்றுகூலி 16 சென்ட் ஆனது. பேயர், பெர்க்ஸ்ட்ராண்ட் ஆய்வு பார்த்தது சரக்குக் கட்டணத்தை. கன்டெய்னர் மிச்சப்படுத்தியதோ துறைமுகத்தில் கிடந்த நாட்களையும், திருட்டையும், சேதத்தையும். பின்னால் வந்த ஆய்வுகள் கன்டெய்னருக்கு இன்னும் பெரிய பங்கு தருகின்றன. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கேள்வி: இந்தியா 50 சதவீதம்வரை வரி போட ஒப்புக்கொண்டுவிட்டு 17 சதவீதம்தான் போடுகிறதாம். அப்படியென்றால் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு?

மதிப்பே அந்த உச்சவரம்பில்தான் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும் "இதற்கு மேல் போக மாட்டேன்" என்று பொருள்வாரியாக எழுதிக்கொடுக்கிறது. இந்தியா எழுதிக்கொடுத்ததன் சராசரி சுமார் 50 சதவீதம், 2023-இல் போட்டது சுமார் 17. நடுவில் உள்ள இடைவெளி அரசுக்கு வசதி, வியாபாரிக்குக் கவலை.

இன்றைய வரி எவ்வளவு என்பதைவிட நாளைக்கு ஏறாது என்ற உறுதி பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நல்ல ஆதாரம் சீனா. 2000-க்கு முன்பே சீனச் சரக்குக்கு அமெரிக்கா போட்டது எல்லாருக்கும் போடும் குறைந்த வரிதான். ஆனால் அந்தச் சலுகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்காவிட்டால் ஸ்மூட்-ஹாலி காலத்து வரிகள், சராசரியாக 30 சதவீதத்துக்கும் மேல், திரும்பி வந்துவிடும். ஆம், 1930-இன் அந்த விகிதங்கள் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தன. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் சலுகை நிரந்தரமானது. வரி ஏறத்தாழ மாறவே இல்லை, பயம் மட்டும் போனது. அதன்பின் வந்த ஏற்றுமதிப் பாய்ச்சலில் கணிசமான பகுதி இந்தப் பயம் நீங்கியதால்தான் என்று கைல் ஹேண்ட்லி, நுனோ லிமாவோ ஆய்வு காட்டியது. கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டுகிறவருக்குப் பத்து வருடக் கணக்கு வேண்டும், இந்த வருடத்து வரியை மட்டும் பார்த்து அவர் செங்கல் வாங்க முடியாது.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன உறுதி உடைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் எனக்கே சொல்லித்தர முடியும். 1974 முதல் 2004 வரை துணிக்கு உலக அளவில் கோட்டா இருந்தது. ஆர்டர் இருந்தாலும் கோட்டா இல்லாமல் அனுப்ப முடியாது. 2005 ஜனவரி 1-இல் அது ஒழிந்தது. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வழக்கமான வரிக்கு மேல் 50 சதவீதம் விதித்தபோது, வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 ஆக இருந்தது. ஒரே சட்டைக்கு நாட்டைப் பார்த்து வெவ்வேறு வரி போடக்கூடாது என்பதுதான் காட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு. ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகை எல்லா உறுப்பு நாட்டுக்கும் உண்டு என்ற அந்த விதியைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். சந்தை பெரிதாக இல்லாத நாட்டுக்குப் பேரம் பேச வேறு பலம் கிடையாது.

கேள்வி: 1991-க்குப் பிறகு வரி குறைந்தது. ஏழைக்கு என்ன கிடைத்தது? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மை இரண்டு பக்கமும் இருக்கிறது. மன்மோகன் சிங்கின் 1991 ஜூலை பட்ஜெட் உச்ச வரியை 150 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 1995-இல் அது 50. 2007-இல் விவசாயம் அல்லாத பொருள்களுக்கு 10. மூலப்பொருளும் இயந்திரமும் மலிவாகக் கிடைத்ததால் நம் தொழிற்சாலைகள் முன்பு செய்யாத பொருள்களைச் செய்யத் தொடங்கின. அந்தக் காலத்தில் வந்த புதிய பொருள்களில் சுமார் 31 சதவீதம் மூலப்பொருள் வரிக் குறைப்பால் வந்தவை என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான பெட்டியா டோபலோவா, மாவட்டவாரியாக வறுமையையும் பார்த்தார். எந்த மாவட்டத்து மக்கள் செய்த தொழில்களுக்கு வரி அதிகம் குறைந்ததோ, அங்கே கிராமப்புற வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகக் குறைந்திருந்தது. வறுமை ஏறிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை, பின்தங்கினார்கள் என்று பொருள். வேலை போனவர் அடுத்த மாவட்டத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார் என்று எங்கள் பாடங்கள் சொல்லும். ஆனால் ஜனங்களில் பெரும்பாலானோர் ஊர் மாறவில்லை. நிலம், கடன், வயதான பெற்றோர், தெரியாத ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி, இவை எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் உண்டு. கென்னடி சுற்றுக்கு அதிகாரம் தந்த அதே 1962 அமெரிக்கச் சட்டத்தில், இறக்குமதியால் வேலை இழப்பவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் தரும் திட்டம் இருந்தது. அது 2022 ஜூலையில் காலாவதியாகிவிட்டது. வரிக் குறைப்பு நல்லது என்று பேசுகிற நாங்கள் இந்தப் பாதியை அதே சத்தத்தில் பேசியிருக்க வேண்டும்.

கேள்வி: இறக்குமதி வரியை வெளிநாட்டுக்காரர் கட்டுகிறாரா, நாம் கட்டுகிறோமா?

சுங்கத்தில் கட்டுவது இறக்குமதி செய்கிறவர். கடைசியில் யார் தலையில் விழும் என்பது பொருளைப் பொறுத்தது. 2018-இல் வாஷிங் மெஷினுக்கு அமெரிக்கா வரி போட்டபோது அதன் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே இல்லாத டிரையரின் விலையும் ஏறியது, இரண்டையும் சோடியாக வாங்குவார்கள் என்பதால். சுமார் 1,800 வேலைகள் உருவாயின. வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்ததைக் கணக்கிட்டால் ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கும் மேல்.

கேள்வி: உலகமயமாக்கல் முடிந்துவிட்டதா?

நின்றிருக்கிறது, திரும்பவில்லை. உலக உற்பத்தியில் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் சேர்ந்து 1970-இல் சுமார் 25 சதவீதம், 2008-இல் 60-ஐத் தாண்டியது. அதன்பின் அந்த அளவைச் சுற்றியே ஏறி இறங்குகிறது.

கேள்வி: செய்தியில் "சராசரி வரி" என்று வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

எந்தச் சராசரி என்று முதலில் கேளுங்கள். எல்லாப் பொருளின் வரியையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விடை, இறக்குமதி அளவுக்கு எடை கொடுத்தால் வேறு விடை. இரண்டாவதில் ஒரு பொறி உண்டு. ஒரு பொருளுக்கு 200 சதவீதம் வரி போட்டு அது நாட்டுக்குள் வருவதே நின்றுபோனால் அதன் எடை பூஜ்யமாகிவிடும், சராசரி குறைந்து தெரியும். இந்தியா 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீதம் போட்டதும் அங்கிருந்து இறக்குமதி ஏறத்தாழ நின்றது. எடை கொடுத்த சராசரியில் அந்த 200-ஐத் தேடினாலும் கிடைக்காது.