இரவிரவாகக் கறுப்புத் திரையில் மகன் என்ன செய்கிறார்?

அக்கா, போன கிழமை உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து அதே யோசனையாக இருந்தேன். ஏ.எல். முடித்த மகன் கம்பஸ் கிடைக்காமல் உப்புவெளி வீட்டில் இருக்கிறார், இரவு ஒரு மணி வரை லப்டொப்பில் கறுப்புத் திரையைத் திறந்துவைத்து ஏதோ தட்டுகிறார், கேட்டால் "ஷெல் படிக்கிறேன்" என்கிறார், இது படிப்பா விளையாட்டா, இதை நம்பி விடலாமா அல்லது அப்பாவின் நண்பர் சொல்லும் கடை வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இது படிப்புத்தான். ஆனால் அவர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் வேலையாகுமா என்று சொல்ல முடியும்.

ஷெல் என்றால் கணினியிடம் மவுஸால் சுட்டிக் காட்டாமல் கட்டளையை எழுதிச் சொல்ல உதவும் மென்பொருள். உங்கள் மகன் படிக்கும் பேஷ் என்ற ஷெல்லை பிரையன் பாக்ஸ் என்பவர் 1989இல் வெளியிட்டார். ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு அப்படியே கைமாற்றும் பைப் என்ற வழி யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் 1973இலேயே வந்துவிட்டது. தோணியிலிருந்து ஒருவர் மீனை இறக்க, அடுத்தவர் தரம் பிரிக்க, அதற்கடுத்தவர் நிறுக்கிறார் அல்லவா, அந்த மாதிரி. கொம்பியூட்டர் படிப்பு ஐந்து வருடத்தில் பழசாகிவிடும் என்று பயந்திருந்தீர்கள். இந்தப் பகுதி அப்படிப் பழசாகவில்லை. உலகத்தில் வாடகைக்கு விடப்படும் சேர்வர்களில், அதாவது மற்றக் கணினிகளுக்குச் சேவை தரும் கணினிகளில், பெரும்பாலானவை யூனிக்ஸைப் போன்ற லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்பவர் தினமும் உட்காருவது இதே கறுப்புத் திரைக்கு முன்னால்தான்.

ஒரு கல்வி நிலையத்தில் புதிதாக 200 பிள்ளைகள் சேர்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, கோப்புறை உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்தால் இரண்டு நாள் போகும், இடையில் யாராவது ஒருவரின் பெயர் பிழையாகவும் போகும். பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் போட்டு, 'இதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் இதைச் செய்' என்று ஏழெட்டு வரியில் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாகக் கொண்ட ஒரு கோப்பு, எழுதினால் அது தேநீர் குடித்து முடிக்கும் முன் முடிந்துவிடும். அப்புறம் கிரோன் என்று ஒன்று இருக்கிறது, தினமும் விடியற்காலை இரண்டு மணிக்கு இந்த ஸ்கிரிப்டை ஓட்டு என்று ஒரு வரி எழுதிவைத்தால், ஆள் தூங்கும்போதும் வேலை நடக்கும். சம்பளம் கொடுப்பது இதற்குத்தான். கட்டளைகளை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பவருக்கு அல்ல, திரும்பத் திரும்ப வரும் வேலையைக் கண்டுபிடித்து அதைக் கணினியின் தலையில் பத்திரமாக ஏற்றிவைப்பவருக்கு.

பத்திரமாக என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆலோசகராக வருவதற்கு முன் நான் ஒரு அலுவலகத்தில் சேர்வர் பார்த்தேன். எனக்கு முன்பிருந்தவர் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று இரவில் கணக்குக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, கடைசியில் "முடிந்தது" என்று எழுதும். நான் காலையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். ஒரு நாள் ஒரு கோப்பு அழிந்துபோய்ப் பிரதியைத் தேடினால், மூன்று கிழமையாகப் பிரதியே எடுபடவில்லை. டிஸ்க் நிறைந்திருந்தது, பிரதியெடுக்கும் கட்டளை தினமும் தோற்றது, ஆனால் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய் "முடிந்தது" என்று எழுதிக்கொண்டே இருந்தது. அந்த மூன்று கிழமைக் கணக்கை மூன்று பேர் பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டினோம். இன்றைக்கும் அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் வயிறு கலங்கும்.

இனி வருவதை மகனிடம் கொடுங்கள்.

தம்பி, ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுச் செல்லும், சுழியம் என்றால் சரி, வேறு எது என்றாலும் பெரும்பாலும் பிழை. அதைப் பார்க்காமல் எந்த ஸ்கிரிப்டும் "முடிந்தது" என்று சொல்லக் கூடாது. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று டிஎஃப் கட்டளையால் முதலில் பார். எடுத்த பிரதியிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பார். அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். அதனால் அழிக்க வேண்டியவற்றின் பெயரை முதலில் திரையில் அச்சிட்டுப் பார்த்து, சரி என்று தெரிந்தபின் அழி. பழகுவதை வேர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கணினி போன்றதில், செய், அம்மாவின் படங்கள் இருக்கும் லப்டொப்பில் வேண்டாம். ஏஐயிடம் கேட்டால் ஸ்கிரிப்ட் எழுதித் தருமே என்பாய், தரும், நானும் கேட்கிறேன், ஆனால் அதில் எந்த வரி எதை அழிக்கப்போகிறது என்று வாசித்துச் சொல்லத் தெரியாதவன் அதை ஓட்டக் கூடாது. விண்டோஸ் அலுவலகங்களும் நிறைய இருப்பதால் விண்டோஸின் ஷெல்லான பவர்ஷெல்லையும் கொஞ்சம் தொட்டுவை. ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தியைப் பார்த்ததும் மூடாமல் முழுதாக வாசி, உன் ஆங்கிலமும் அதிலேயே வளரும்.

அக்கா, சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லினக்ஸ் மென்பொருள் தரும் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சான்றிதழ் நல்ல பரீட்சை, அதில் விடையைத் தெரிவுசெய்வது கிடையாது, கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஆனால் கட்டணம் பெரிது. நகையை அடகு வைத்து இப்போதே கட்டாதீர்கள், முதல் சம்பளம் வந்தபின் அவரே கட்டட்டும். படிப்பைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, திருமலையிலேயே ஏ.டி.ஐ. என்ற உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் எப்போது கோருகிறார்கள் என்று இந்த மாதமே விசாரியுங்கள்.

தொடக்க வேலைகள் அநேகமாகக் கொழும்பில்தான். இரவு ரயிலில் பிள்ளையை அனுப்ப மனம் தயாராக வேண்டும், சில இடங்களில் இரவு முறையும் இருக்கும், அதையும் இப்போதே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதற்கு முன், அப்பாவின் நண்பர் கடையை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். அங்கே பில் போடும் கணினி இருக்கும், அதற்கு யாரும் பிரதி எடுத்திருக்க மாட்டார்கள். சம்பளத்துக்கு நிற்காமல், கடைக்காரரின் அனுமதியோடு அந்தக் கணக்குக் கோப்புகள் தினமும் தானாகப் பிரதியாகும்படி மகன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு மாதம் அது ஓடட்டும். அப்புறம் இருவரும் என்னிடம் வாருங்கள், லப்டொப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை என் முன்னால் மீட்டுக் காட்டினார் என்றால், அன்றைக்கே அவருடைய விண்ணப்பக் கடிதத்தை நாங்கள் மூவரும் இருந்து எழுதலாம்.