கேட்டதும் சொன்னதும்: ரத்தக்காட்டேரிகளும் கண்ணியவான்களும்

போன இதழில் ஒரு பதிலில், "டிராகுலா நாவலில் எனக்கு டிராகுலாவைக் கண்டு அவ்வளவு பயமில்லை, அவரைத் துரத்துகிறவர்களைக் கண்டுதான் பயம்" என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள் எந்நேரமும் ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் நாவலைத்தான் கையில் வைத்திருக்கிறாள். எட்வர்டாம், பெல்லாவாம். கேட்டால் "அவன் நல்லவம்மா" என்கிறாள். கெட்டுப்போய்விடுவாளோ?
*— வாசகி, ஈரோடு*

அது ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்', 2005-இல் வந்தது. கவலைப்படாதீர்கள், உங்கள் வீட்டைவிடக் கட்டுப்பாடான கதை. கல்யாணத்துக்கு முன்னால் எல்லை தாண்ட மாட்டேன் என்று எட்வர்ட் ஒற்றைக்காலில் நிற்பான். அவன் குடும்பம் மனித ரத்தத்தைத் தொடாது. மானையும் மலைச்சிங்கத்தையும் வேட்டையாடிக் குடித்துவிட்டு, தங்களைச் 'சைவம்' என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். மயிலாப்பூர் ஒத்துக்கொள்ளாது.

நீங்கள் மகளிடம் கேட்க வேண்டியது வேறொன்று. எட்வர்ட் பிறந்தது 1901-இல். 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தவனைக் காட்டேரியாக்கியதால் முகத்துக்கு மட்டும் பதினேழு வயது. பெல்லா பள்ளி மாணவி. அவள் தூங்கும்போது, அவளுக்குத் தெரியாமல், ராத்திரி ராத்திரி அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அது தெரிய வந்தபோது அவளுக்குக் கோபம் வர மறுக்கிறது, உள்ளுக்குள் பெருமையாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் இப்படி வந்து நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள். அவளே யோசித்து வைத்திருக்கக்கூடும்.

டிராகுலாவைத் துரத்துகிறவர்கள் டாக்டர், பேராசிரியர், வக்கீல், பிரபு. அத்தனை பேரும் கண்ணியவான்கள். அவர்களைக் கண்டு என்ன பயம்? கடைசியில் தர்மம்தானே ஜெயிக்கிறது?
*— ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், மதுரை*

லூசி என்ற பெண்ணின் கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம் ஐயா. பத்தொன்பது வயது. ஒரே நாளில் மூன்று பேர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள்: மனநல மருத்துவர் சீவர்ட், அமெரிக்கர் குவின்சி மாரிஸ், பிரபு வீட்டுப் பிள்ளை ஆர்தர். ஆர்தருக்குச் சம்மதம் சொல்லிவிட்டுத் தோழி மீனாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஒரு பெண் மூன்று பேரையுமே கட்டிக்கொள்ள ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்று அதில் கேட்டுவிட்டு, ஐயோ இப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று அடுத்த வரியிலேயே நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

குறும்புக்கு எழுதிய வரி. நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கர் அதை அத்தோடு விடவில்லை. டிராகுலா அவள் ரத்தத்தைக் குடிக்கக் குடிக்க, ஆண்கள் ஒவ்வொருவராகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். முதலில் ஆர்தர், அப்புறம் சீவர்ட், அப்புறம் பேராசிரியர் வான் ஹெல்சிங், கடைசியில் குவின்சி. (நாவல் வந்தது 1897-இல். ரத்தப் பிரிவு என்று ஒன்று இருப்பதை லாண்ட்ஸ்டைனர் உலகுக்குச் சொன்னது 1901-இல். நாலு பேர் ரத்தத்தைப் பொருத்தம் பார்க்காமல் ஏற்றியிருக்கிறார்கள். பழி முழுவதும் டிராகுலா தலையில்!) தாங்களும் கொடுத்ததை மற்ற மூவரும் ஆர்தரிடம் சொல்லவே இல்லை. லூசியை அடக்கம் செய்த பிறகு ஆர்தர் உருகிப்போய்ச் சொல்கிறான்: என் ரத்தம் அவள் உடம்பில் ஏறியபோதே நாங்கள் கணவன் மனைவி ஆகிவிட்டதாக உணர்ந்தேன் என்று. மற்றவர்கள் கல்லாக இருக்கிறார்கள். பிறகு வண்டியில் ஏறியதும் வான் ஹெல்சிங் அடக்க மாட்டாமல் சிரிக்கிறார். ஆர்தர் சொல்வது சரியென்றால் இந்தப் பெண்ணுக்குப் பல புருஷன், மனைவி உயிரோடு இருக்கும் எனக்கு இரண்டு பெண்டாட்டி என்கிறார். ஆக, லூசி விளையாட்டாகக் கேட்டது நடந்துவிட்டது. ஒரு பச்சையான சொல் கிடையாது, எந்தத் தணிக்கைக்காரரும் கோடு போட முடியாது.

அடுத்து தண்டனை. செத்த லூசி காட்டேரியாகிக் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறாள். அவளை அடக்க நெஞ்சில் கட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். கல்யாணத்துக்குக் குறித்திருந்த தேதி செப்டம்பர் 28. மீனாவுக்குப் பின்னால் எழுதிய இன்னொரு கடிதத்தின் அடியில் லூசியே எழுதியிருக்கிறாள். அவள் கல்லறையில் அவர்கள் கட்டை அடிக்கிற சம்பவம் சீவர்டின் நாட்குறிப்பில் வரும் தேதி செப்டம்பர் 29. மூன்றடி நீளம், முனையை நெருப்பில் கருக்கிக் கூராக்கிய கட்டை. மாப்பிள்ளையே அதை நெஞ்சில் வைத்துச் சுத்தியலால் இறக்குகிறான், சுற்றி நிற்பவர்கள் பிரார்த்தனை படிக்கிறார்கள். முடிந்ததும் ஆர்தர் அவளுக்கு ஒரு முத்தம் தருகிறான். அவனை வெளியே அனுப்பிவிட்டுத் தலையை அறுத்து வாயில் பூண்டைத் திணிக்கிறார்கள். இதை எழுதுகிற டாக்டர் ஒரு புனிதச் சடங்கை முடித்த நிறைவோடு எழுதுகிறார். பெண்கள் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தும்போது, எப்போதும் தூங்கிவழியும் கடைசி பெஞ்சு இந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்காரும். "மேடம், இதுல வில்லன் யாரு?" என்று ஒரு பெண் கேட்டாள். பரீட்சைக்கு டிராகுலா என்றே எழுது என்றேன்.

நீங்கள் கோர்ட்டில் இருந்தவர், இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். லூசியின் அம்மா இறந்ததும், விசாரணை என்று வந்துவிடாமல் இருக்க சீவர்டே சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார். லண்டன் பிக்கடில்லியில் டிராகுலா வாங்கிய வீட்டைப் பட்டப்பகலில் பூட்டுக்காரரை அழைத்து வந்து திறக்கிறார்கள். கூட நிற்பவர் பிரபு. வழியோடு போன போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

தர்மம் ஜெயித்ததா? மீனாவையும் டிராகுலா கடித்த பிறகு அவள் கணவர் ஹார்க்கர், அதாவது உங்கள் வக்கீல், நாட்குறிப்பில் ஒரு முடிவை எழுதி வைக்கிறார். மீனா காட்டேரியாகத்தான் வேண்டும் என்றால் அந்தப் பயங்கர உலகத்துக்கு அவளைத் தனியே போக விடமாட்டேன் என்று. கதாநாயகன் எதிரணிக்குப் போகத் தயார்! மீனாவோ, இத்தனைக்கும் காரணமான அந்த ஆத்மாதான் எல்லோரையும்விடப் பரிதாபத்துக்குரியது என்று டிராகுலாவுக்காக இரங்குகிறாள். கட்டை அடித்த கூட்டத்தில் லூசிக்கு இப்படிச் சொல்ல ஒருவர் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

இதே ஸ்டோக்கர் 1908-இல், காம உணர்ச்சியைத் தூண்டும் நாவல்களுக்குத் தணிக்கை வேண்டும் என்று கட்டுரை எழுதினார். தான் எழுதியது என்ன என்று தெரியாமலா எழுதினார் என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத் தேதிக்கு மறுநாள் கட்டையை அடிக்க வைத்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்?

லெ ஃபானுவின் 'கார்மில்லா' படித்தேன். கடைசியில் அவளைக் கொன்றபோது அழுதுவிட்டேன். கொலைகாரிக்காக அழுவது தப்பா?
*— பெயர் வேண்டாம் என்ற வாசகி*

அழுகையில் என்னம்மா தப்பு. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: டிராகுலாவுக்கு இருபத்தைந்து வருடம் முன்னால், 1871-72-இல், தொடராக வந்த கதை. ஆஸ்திரியாவின் ஸ்டிரியாவில் ஒரு காட்டுக் கோட்டை. தாயில்லாத லாரா, வயதான அப்பா. நிலா வெளிச்சத்தில் ஒரு வண்டி கவிழ்ந்து, அதிலிருந்த கார்மில்லா விருந்தாளியாகத் தங்குகிறாள். கையைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் முத்தமிட்டு, நீ என்னுடையவள் என்கிறாள். லாராவுக்கு ஆசையும் அருவருப்பும் ஒருசேர வருகின்றன. ஒருவேளை எவனோ ஒரு பையன் பெண் வேஷத்தில் வந்திருப்பானோ என்றுகூட யோசிக்கிறாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்பலாம் என்பதற்கு அவள் வளர்ந்த வீட்டில் இடமில்லை.

முடிவை மறுபடி படித்துப் பாருங்கள். கார்மில்லாவைக் கொல்லும் இடத்தில் லாரா இல்லை. அரசாங்க ஆணையத்தின் அறிக்கை ஒன்று அப்பாவிடம் இருக்கிறது, அங்கிருந்த எல்லோரின் கையெழுத்தோடும். அதைப் பார்த்துத்தான் நமக்குச் சொல்கிறாள். தன்னை நேசித்தவளின் சாவு அவளுக்கு அலுவலகக் காகிதமாக வந்து சேர்கிறது. உங்கள் அழுகை அங்கேதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. நடுவில் காட்டுக் காவலர் ஒருவரின் மகளுடைய சவ ஊர்வலம் போகிறதே, நினைவிருக்கிறதா? லாரா எழுந்து நின்று கூடவே பாடுகிறாள். கார்மில்லா காதைப் பொத்திக்கொண்டு, குடியானவர்களைப் பற்றியெல்லாம் நான் கவலைப்படுவதில்லை என்கிறாள். கோட்டைக்குள் காதல், வெளியே ஏழை வீட்டுப் பெண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்காக நீங்கள் அழவில்லை என்று தெரியும். நானும் முதல் வாசிப்பில் அழவில்லை, எழுதிய விதம் அப்படி.

நம் விக்கிரமாதித்தன் கதை வேதாளமும் இந்த ரகம்தானா?
*— வாசகர், கும்பகோணம்*

1870-இல் அந்தக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய ரிச்சர்ட் பர்ட்டன் தலைப்பிலேயே அப்படித்தான் போட்டார். நம் வேதாளம் ரத்தத்துக்கு அலையவில்லை. முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டு, கதை சொல்லி, குற்றவாளி யார் என்று கேட்கும், தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறு. அந்தக் கேள்வி கேட்கிற குணத்தில் வேண்டுமானால் உறவு சொல்லலாம்.

காட்டேரியே கதை சொன்னால் ஏன் அவனை மன்னித்துவிடத் தோன்றுகிறது?
*— கல்லூரி மாணவர், திருச்சி*

ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' (1976) படித்திருக்கிறீர்கள் போல. லூயி நன்றாகப் பேசுகிறவன், அதுதான் காரணம். கொல்ல மனம் வராமல் எலி ரத்தம் குடிக்கிறான், இரவெல்லாம் குற்றவுணர்ச்சியில் வேகிறான். நாமும் கூடவே வேகிறோம். ஆனால் அவன் காட்டேரியாவதற்கு முன்னால் யார்? 1791-இல் லூசியானாவில் அவுரித் தோட்ட முதலாளி, அடிமைகளை வைத்திருந்தவன். அப்போது அவனுக்குத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. மனிதனாக இருந்து செய்தது வழக்கம், காட்டேரியாகிச் செய்தால் பாவம் என்ற அவன் கணக்கைப் பக்கம் பக்கமாகத் தலையாட்டிக்கொண்டே நாமும் படிக்கிறோம்.

ஐந்து வயதில் காட்டேரியாக்கப்பட்ட கிளாடியா இன்னும் கஷ்டம். மனசு பெண்ணாக வளர்கிறது, உடம்பு குழந்தையாகவே நின்றுவிடுகிறது. அவள் லூயியிடம் பேசும் வசனங்களைச் சங்கடமில்லாமல் படித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ரைஸின் மகள் 1972-இல், ஆறு வயது நிறையாமலே, ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் சங்கடம் குறையாது, ஆனால் புத்தகத்தை மூடிவைக்கவும் கை வராது.

பேயைக் கொல்கிறவனே பேயாகிவிடும் கதை உண்டா?
*— வாசகர், நாகர்கோவில்*

ரிச்சர்ட் மேத்தஸனின் 'ஐ ஆம் லெஜெண்ட்', 1954. கொள்ளை நோயில் லாஸ் ஏஞ்சலிஸ் முழுக்கக் காட்டேரியாகிவிட, நெவில் ஒருவர்தான் மனிதராக மிச்சம். ராத்திரி கதவை அடைத்துக்கொள்வார். பகலில் வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்கள் நெஞ்சில் கட்டை அடிப்பார். நாமும் சபாஷ் போடுவோம். அவர்களில் பலர் சாகவில்லை, மருந்து கண்டுபிடித்து நோயோடு வாழப் பழகிப் புதிதாக ஒரு சமூகம் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியும். அவரிடம் வந்து தங்கிய ரூத் என்ற பெண்ணின் கணவரையும் அவரே கொன்றிருக்கிறார். கடைசியில் பிடிபட்டு ஜன்னல் வழியே பார்க்கும்போது, கீழே நிற்கும் கூட்டம் அவரைப் பார்த்து நடுங்குகிறது.

2007-இல் படம் எடுத்து வெளியிட்டபோது முடிவை மாற்றி அவரைத் தியாகியாக்கிவிட்டார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இவற்றில் முதலில் எதைப் படிக்கலாம்?
*— வாசகி, தூத்துக்குடி*

கார்மில்லா. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். டிராகுலாவை அடுத்து எடுங்கள். வான் ஹெல்சிங்கின் நீண்ட பிரசங்கங்களைத் தாண்டிப் போனாலும் குறைவில்லை, ஆனால் தேதிகளை மட்டும் தாண்டாதீர்கள்.