கீழ்ப்பிரிவு ரக்பி லீக்கில் 7-ஆம் எண் ஆட்டக்காரர்: கேள்வி பதில்

சார், கண்டியில் பள்ளி ரக்பி நிறையப் பார்த்திருக்கிறேன். ரக்பி லீக்கும் அதுதானா? அதில் ஹாஃப்பேக்குக்கு என்ன வேலை?

நீங்கள் பார்த்தது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். லீக்கில் 13 பேர். 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வட இங்கிலாந்து கிளப்புகள் தனியே பிரிந்து தொடங்கியது இது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட வந்து இழந்த கூலியைக் கிளப் ஈடுகட்டலாமா என்பதுதான் அன்றைய சண்டை.

பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்தான்; அதாவது எதிரணி ஆறு முறை மடக்கிப் பிடிக்கும்வரைதான் பந்து அவர்களிடம். ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். எங்கே, எவ்வளவு உயரத்தில், யாரைக் குறிவைத்து என்று முடிவெடுப்பது பெரும்பாலும் 7-ஆம் எண் போட்ட ஹாஃப்பேக்தான்.

மேல்பிரிவான சூப்பர் லீக்குக்குக் கீழே ஆடிப் பிழைக்க முடியுமா?

அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பி, பலருக்கு முடியாது. பகலில் வேறு வேலை, வாரத்தில் சில மாலைகள் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். ஜெயித்தால் கொஞ்சம் கூடுதல் பணம்.

இதில் ஹாஃப்பேக்குக்குத்தான் சுமை அதிகம் என்பேன். மேல்பிரிவுக் கிளப்புகள் தங்கள் இளைஞர்களை இங்கே இரவல் அனுப்பும். இந்த வாரம் பக்கத்தில் ஓடியவர் அடுத்த வாரம் இருக்கமாட்டார். புதிதாக வந்தவருக்கு ஓரிரு மாலைப் பயிற்சியில் எல்லா நகர்வுகளையும் புரியவைத்து, ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே வழிநடத்த வேண்டும். முழுநேர அணியில் வாரம் முழுக்கப் பழகிச் செய்வதை இவர் மழையிலும் சேற்றிலும் வாயாலேயே செய்கிறார். இவரை 'மேலே போகாதவர்' என்று ஒதுக்குவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

அண்ணா, அங்கிருந்து மேலே போனவர்கள் உண்டா?

உண்டு தம்பி. டேனி பிரவ் டியூஸ்பரியில் தொடங்கி யார்க்கில் ஆடியவர். 2005-இல் சூப்பர் லீக் அணியான ஹல் எஃப்சிக்குப் போன அதே ஆண்டில், கார்டிஃபில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் லீட்ஸுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் அவர் அடித்த கன்வர்ஷன்தான் (டிரை அடித்தபின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கூடுதல் உதை) 25-24 என்று வெற்றியைத் தந்தது. 2013-இல், 30 வயதில், சூப்பர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான 'மேன் ஆஃப் ஸ்டீல்' விருது. 2017-இல் அதை வாங்கிய லூக் கேலும் டான்காஸ்டரில் ஆடி வந்தவர்தான்.

உடம்பு சின்னதாக இருந்தால் அடித்து நொறுக்கிவிட மாட்டார்களா?

முயல்வார்கள். எதிரணியின் கனமான ஆட்கள் வேண்டுமென்றே அவரை நோக்கி ஓடிவருவார்கள். தடுத்துத் தடுத்துக் களைத்துப்போனால் உதை பிசகும் என்பது கணக்கு. தலையில் அடிபட்டால் மட்டும் எந்த வீராப்பும் வேண்டாம், வெளியே வந்துவிட வேண்டும்.

வயதானால்?

ஓட்டம் குறைந்தாலும் உதையும் கணிப்பும் குறைவதில்லை. அதனால் 30-களின் நடுவிலும் கீழ்ப்பிரிவில் இவர்களுக்கு இடம் உண்டு. அப்புறம் பலர் பயிற்சியாளர் ஆகிறார்கள்.

ஒரே ஓர் ஆட்டம் பார்ப்பதென்றால் எங்கே போகலாம்?

வட இங்கிலாந்தில் பேட்லி கிளப்பின் மவுன்ட் பிளசன்ட். மைதானமே சரிவானது. மேட்டிலிருந்து கீழ்நோக்கி ஆடும் பாதியில் 7-ஆம் எண் நீளமாக உதைப்பதையும், ஏறி ஆடும் பாதியில் பந்தைக் கையிலேயே வைத்து அணியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதையும் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு அவரையே கவனித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.