தசை, தாடி, துப்பாக்கி: வீடியோ கேம் ஆண்கள் பற்றிக் கேள்வி பதில்

ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சில கேம்களின் முடிவு பதில்களில் வெளிப்படையாக வருகிறது. தெரிய வேண்டாம் என்பவர்கள் கேம் பெயரைப் பார்த்ததும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, ஹீரோ என்றாலே மொட்டைத் தலை, கரகரத்த குரல், கதவை அடைக்கிற தோள். இது எப்போது ஆரம்பித்தது?

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1981-ல் 'டாங்கி காங்'கில் வந்த மாரியோ ஒரு குள்ளமான தச்சர். இருந்த சொற்பப் புள்ளிகளில் வாயை வரைய முடியாததால் மீசை வைத்தார்கள், தலைமுடி வரைவது சிரமம் என்பதால் தொப்பி போட்டார்கள். ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை பழைய வேலைதான்: பெண்ணைத் தூக்கிப் போய்விட்டான், போய் மீட்டு வா.

தோள் அகன்றதற்கு வியாபாரக் காரணம் உண்டு. 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை விழுந்தது. கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே ஒதுங்கினார்கள். 1985-ல் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ தன் கேம் பெட்டியுடன் ஒரு சின்ன ரோபோவையும் சேர்த்து, பொம்மை மாதிரி உள்ளே கொண்டுவந்தது. பொம்மைக் கடைகளில் பையன்களுக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. இது பையன்கள் வரிசையில் உட்கார்ந்தது. அதன்பின் விளம்பரம், அட்டைப்படம் எல்லாமே பதின்வயதுப் பையனை நோக்கித் திரும்பின. உடம்பை அந்தக் காலத்து ஆக்‌ஷன் சினிமா கொடுத்தது. மொட்டைக்கு மட்டும் தொழில்நுட்பமும் துணை நின்றது: முப்பரிமாணத்தில் அசையும் முடியைக் காட்டுவது கணினிக்குப் பெரும் சுமை. 2006-ல் 'கியர்ஸ் ஆஃப் வார்' வந்தபோது அதன் ஹீரோ மார்க்கஸ் ஃபீனிக்ஸின் கழுத்தும் தலையும் ஒரே அகலம்.

கேள்வி: பெண் கதாபாத்திரங்களின் உடலைப் பற்றித்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். ஆண்களையும் நடக்காத உடம்போடுதானே வரைகிறார்கள்? கணக்கு சரியாகிவிட்டதே?

சரியாகவில்லை. கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மார்க்கஸின் தோளுக்குப் பின்னால் நின்று நாம் எதிரியைப் பார்க்கிறோம். அந்த உடம்பு நாம் மாட்டிக்கொள்ளும் கவசம். அதே காலத்துப் பெண் பாத்திரங்கள் பலரின் உடம்பு, நாம் பார்ப்பதற்காக எதிரே நிறுத்தப்பட்டது.

ஆணுக்குத் தீங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை, அது வேறு இடத்தில் இருக்கிறது. 'உடையக் கூடாது' என்பதுதான் அவனுக்கான நிபந்தனை. சுவருக்குப் பின்னால் சில நொடி பதுங்கினால் குண்டுக் காயம் ஆறிவிடும். வலி என்பது திரை ஓரத்தில் வரும் சிவப்பு, அவ்வளவுதான். இதிலிருந்து விலகிய பழைய உதாரணம் 2004-ன் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்'. அதில் ஹீரோ சிஜே ஜிம்முக்குப் போனால் தசை ஏறும், கண்டபடி தின்றால் தொப்பை விழும், தெருவில் கேலியும் செய்வார்கள். உடம்பு பிறப்பிலேயே வந்த வரம் என்றில்லாமல், ஆளே உழைத்து வளர்க்கிற ஒன்றாக இருந்தது.

2020-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் ஆபி என்ற பெண்ணுக்குத் தடித்த கைகள் கொடுத்தார்கள். 'நம்பும்படி இல்லை' என்று ஒரே கூச்சல். குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வரை போனது. மார்க்கஸின் கழுத்தை நம்பியவர்கள்தான் இவர்களில் பலர் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நீங்கள் ஒரு பெண். ஆண்மை பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?

இத்தனை வருடமாக என் கையில் கொடுத்த ஹீரோக்கள் முக்கால்வாசிப் பேர் ஆண்கள்தான், தம்பி. அடுத்த கேள்வி.

கேள்வி: இப்போது எல்லா ஹீரோவும் அப்பாவாகிவிட்டார்களே, ஏன்? இது முன்னேற்றம்தானே?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். 2012-ல் 'தி வாக்கிங் டெட்' லீ, 2013-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஜோயல், 2018-ல் 'காட் ஆஃப் வார்' கிரேட்டோஸ். கேம் செய்தவர்களுக்கும் வயதாகிவிட்டது என்பது ஒரு காரணம். 2018 'காட் ஆஃப் வா'ரின் இயக்குநர் கோரி பார்லாக், தான் தந்தையானது அந்தக் கதையைப் பாதித்தது என்று சொல்லியிருக்கிறார்.

2005-ன் கிரேட்டோஸ், சூழ்ச்சியில் சிக்கித் தன் கையாலேயே மனைவியையும் மகளையும் கொன்றவன். அவர்கள் சாம்பல்தான் அவன் தோலின் வெள்ளை. ஆனாலும் அந்தக் குற்றவுணர்வு அடுத்த கொலைக்கு எரிபொருளாகவே பயன்பட்டது. பெண்களுடன் படுப்பதைக்கூடப் பட்டன் அழுத்தும் சின்ன விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். 2018-ல் அது போய்விட்டது. மகன் அட்ரேயஸ் மானைக் கொன்றுவிட்டுத் தடுமாறும்போது, தட்டிக்கொடுக்க கிரேட்டோஸின் கை நீள்கிறது. முதுகைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. பாசம் இருந்தும் காட்டத் தெரியாத அப்பனை இவ்வளவு சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

இனி என் குறை. அந்த மகன் கன்ட்ரோலரில் என்னவாக இருக்கிறான்? ஒரு பட்டன். அழுத்தினால் அம்பு விடுவான். தந்தைமை கதையில் வளர்கிறது, கையில் அது இன்னொரு ஆயுதம். அம்மா யார் என்றால், கதை தொடங்கும்போதே சிதைக்குப் போகிற உடல். இந்த வகைக் கதைகளில் அம்மாக்கள் கிட்டத்தட்ட எப்போதும் செத்தோ விலகியோதான் இருக்கிறார்கள்.

ஜோயல் கதை இதைவிட நேர்மையானது. கடைசியில், தன் மகள் போலாகிவிட்ட சிறுமி எல்லியைக் காப்பாற்ற மருத்துவமனையில் அவன் செய்யும் கொலைகளை நாம்தான் செய்ய வேண்டும், மறுக்க வழி தரவில்லை. 'பிள்ளைக்காக எதையும் செய்வேன்' என்ற வசனத்தின் விலை என்ன என்று அந்தக் கேம் நம்மிடமே கேட்கிறது. லீ எனக்கு இன்னும் பிடித்தவன். தன் பொறுப்பில் வந்த சிறுமி கிளெமன்டைனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான், முடியையும் வெட்டிவிடுகிறான். தான் இல்லாத நாளுக்கு அவளைத் தயார் செய்கிறான்.

கேள்வி: கேம்களில் ஆண்கள் அழுகிறார்களா?

அழுகிறார்கள், பெரும்பாலும் கட்சீனில். அதாவது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு நாம் வேடிக்கை பார்க்கும் நேரத்தில். 'கியர்ஸ் ஆஃப் வார் 2'-ல் மார்க்கஸின் நண்பன் டாம் தன் மனைவியை உருக்குலைந்த நிலையில் கண்டுபிடித்து, வேதனை தீரத் தானே சுட்டுவிடுகிறான். அவன் உடைந்து முடிந்ததும் பட்டன்கள் பழையபடி சுடுவதற்கே திரும்பி வந்துவிடும்.

அதனால் ஒரு கேம் ஆணைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்று அறிய நான் வசனத்தைப் பார்ப்பதில்லை, பட்டன் எதற்கு என்று பார்க்கிறேன். 2013-ல் வந்த 'பிரதர்ஸ்' இதற்கு அருமையான உதாரணம். கன்ட்ரோலரின் இடது குச்சி அண்ணன், வலது குச்சி தம்பி. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டுதான் கடப்பான். அண்ணன் இறந்தபிறகு ஆறு குறுக்கே வருகிறது. தம்பியின் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் நகரமாட்டான். அண்ணனுக்கான பட்டனைத் தொட்டால்தான் நீந்துவான். ஒரு வசனம் இல்லை, ஒரு கண்ணீர் குளோசப் இல்லை. இடது விரலுக்குத் துக்கம் புரிந்துவிடும்.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-ன் கொள்ளைக்கார ஹீரோ ஆர்தரையும் சேர்க்க வேண்டும். கடன் வசூலிக்கப் போய் ஒரு நோயாளியை அடித்து, அவனிடமிருந்தே காசநோயை வாங்கிக்கொள்கிறான். நாம் விளையாடிய விதத்தைப் பொறுத்து, ரயில் நிலையத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் காட்சி வரும். இருமலும் மெலிந்த உடம்பும் விளையாடும்போதே கூட வருகின்றன. மறைவில் பதுங்கினால் ஆறிவிடும் காயம் இல்லை அது.

கேள்வி: மென்மையான ஆணை வைத்தால் விளையாடுபவர்கள் ஏற்பதில்லையே, என்ன செய்வது?

2001-ல் 'மெட்டல் கியர் சாலிட் 2' பழைய ஹீரோ ஸ்னேக்கை முதல் பகுதியோடு ஓரம்கட்டிவிட்டு, ரெய்டன் என்ற மெல்லிய வெள்ளைமுடி இளைஞனைக் கையில் கொடுத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். 2008-ல் அவன் வாள் சுழற்றும் சைபோர்க்காக, அதாவது பாதி இயந்திர மனிதனாகத் திரும்பியதும் கைதட்டினார்கள். ஏற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் எதிர்பார்ப்பை உருவாக்கியதும் விளம்பரம்தானே? ஸ்னேக்கைக் காட்டி விற்றுவிட்டு ரெய்டனைக் கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

கேள்வி: மேடம், என் மகனுக்கு 12 வயது. எப்போதும் சுடும் கேம்தான். முரடனாகிவிடுவானோ?

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட தீர்மானம், கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்துடன் சிறிய தொடர்பு இருப்பதாகவும், குற்ற வன்முறைக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் கூறியது. வயது முத்திரையைப் பாருங்கள். அதைவிட முக்கியம், அவன் ஹெட்செட்டில் கூட விளையாடுபவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு மாலை கேளுங்கள். தோற்றவனைப் 'பொட்டை' என்று திட்டுவதை எந்தக் கேமும் எழுதிக்கொடுக்கவில்லை.

கேள்வி: ஆண்களின் நட்பை நன்றாகக் காட்டிய கேம்?

'ஃபைனல் ஃபேன்டசி 15'. நான்கு பேர், ஒரு கார். ஒருவன் சமைப்பான், ஒருவன் படம் எடுப்பான். கதை அங்கங்கே தடுமாறும், கூடாரம் போடும் இரவுகள் தடுமாறாது.

அடுத்தது 'டிஸ்கோ எலிசியம்'. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்த போலீஸ்காரன் ஹாரி. அவன் மண்டைக்குள் 24 திறன்கள் ஆளுக்கொரு குரலில் பேசுகின்றன, அதில் சில 'ஆம்பளையா இரு' என்று ஏற்றிவிடும். அதைக் கேட்டு நடந்தால் பெரும்பாலும் அசிங்கப்படுவோம். சண்டைக்கென்று தனி முறையே கிடையாது. பக்கத்தில் நிற்கும் சக போலீஸ்காரன் கிம் கிட்சுராகி மெல்லத் தலையசைத்தால் போதும், கோப்பை வென்ற மாதிரி இருக்கும்.

கேள்வி: டியூக் நியூகெம் இன்று வந்தால் ஓடுமா?

டியூக், கொச்சை ஜோக் அடிக்கும் தொண்ணூறுகளின் துப்பாக்கி ஹீரோ. 1997-ல் அறிவித்த 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' 2011-ல்தான் வந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவன் அதே பழைய ஜோக்கைச் சொன்னான், கேட்டவர்களுக்குப் பதினான்கு வயது கூடியிருந்தது. இன்று கொண்டுவருவதானால் அவனையே கேலிக்கு ஆளாக்கும் ஆள் எழுத வேண்டும். அப்படி எழுதினால் முதல் நாளே வாங்குவேன்.