குவைத்தில் மாசியும் பங்குனியும்: நாட்காட்டியை விடக் காற்றைப் பாருங்கள்

தம்பி, பிப்ரவரி மாத இறுதியில் மங்காஃபில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மேற்பார்வையாளராகச் சேரவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குவைத்தில் இருக்கும் ஒரு நண்பர் கம்பளிச் சட்டையே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் தடித்த போர்வை இல்லாமல் வராதே என்கிறார். கைப்பேசியின் வானிலைச் செயலியோ பகலில் 24 டிகிரி என்று காட்டுகிறது. இவற்றில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மார்ச் இறுதியில் மனைவியும், அவ்வப்போது மூச்சிரைப்பு வரும் ஐந்து வயது மகளும் வந்து சேர்வார்கள் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நண்பர்கள் இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வாரத்தின் வேறு வேறு நாள்களை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சராசரிக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பிப்ரவரியில் பகல் வெப்பம் ஏறத்தாழ 21 அல்லது 22 டிகிரி செல்சியஸ், இரவில் 10 அல்லது 11. மார்ச்சில் பகல் 27ஐ ஒட்டியும் இரவு 15ஐ ஒட்டியும் இருக்கும். ஏப்ரலில் பகல் 33ஐத் தொட்டுவிடும். இதைப் படிக்கிறவருக்குக் குளிர் நாளுக்கு நாள் படிப்படியாகக் குறைந்து வெயிலாக மாறுகிறது என்ற எண்ணம் வருவது இயல்பு. நடப்பது அப்படியன்று. பிப்ரவரியின் நடுப்பகுதி முதல் மார்ச் கடைசி வரை கோடையும் குளிரும் மாறி மாறி வந்து போகும். ஒரு வாரத்திலேயே இரண்டையும் முழுமையாகப் பார்த்துவிடலாம்.

இதற்குக் காரணம் காற்று. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் கிழக்கு நோக்கி நகர்ந்து ஈராக் வழியாகவும் வடக்கு அரேபியா வழியாகவும் இப்பகுதியைக் கடந்து செல்கின்றன. அப்படி ஒன்று நெருங்கும்போது அதற்கு முன்னால் தென்கிழக்கிலிருந்து வளைகுடாக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வெதுவெதுப்பான காற்று வீசும். இங்கே அதைக் கௌஸ் என்பார்கள். அன்றைக்கு வெப்பம் முப்பதை நெருங்கலாம்; உடம்பு லேசாகப் பிசுபிசுக்கும்; வானம் மங்கலாகும்; குளிர் போய்விட்டது என்று அறையில் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். தாழ்வு கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பும். அதுதான் ஷமால். துருக்கி, ஈராக் பக்கத்துக் குளிரும் தெற்கு ஈராக் சமவெளியின் புழுதியும் அதனோடு சேர்ந்து வரும். முதல் நாள் பிற்பகலுக்கும் மறுநாள் அதிகாலைக்கும் இடையே பதினைந்து டிகிரி வித்தியாசம் வருவது இங்கே வியப்புக்குரிய செய்தியே அன்று.

ஆகவே செயலியைத் திறந்தால் டிகிரியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் காற்றின் திசையையும் வேகத்தையும் பாருங்கள். சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் கீழ் இயங்கும் குவைத் வானிலைத் துறை நாள்தோறும் வெளியிடும் அறிக்கையிலும் இவை இருக்கும். தென்கிழக்கு என்று இருந்து, அடுத்த நாளுக்கு வடமேற்கு என்று மாறியிருந்தால், வெளியே எவ்வளவு இதமாக இருந்தாலும் மறுநாள் காலைக்குக் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்துவிட வேண்டும். என் கருத்தில் குவைத்தின் பின்குளிர்காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதுதான்.

பிப்ரவரிக் கடைசியையும் மார்ச் முதல் வாரத்தையும் ஒட்டி, போய்விட்டதாக நினைத்த குளிர் திரும்பி வருவதை அரபு மரபில் கிழவியின் குளிர் என்கிறார்கள். குளிர் முடிந்தது என்று நம்பி ஆடுகளின் மயிரைக் கத்தரித்துவிட்ட ஒரு மூதாட்டியைப் பற்றிய கதையும் அதற்கு உண்டு. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊரில் சொல்வதும் ஏறக்குறைய இதே நாள்களைத்தான், ஆனால் நம் பனி துளைப்பது பெரும்பாலும் பழமொழியில் மட்டுமே. இங்கே உண்மையாகவே துளைக்கும். 2025 பிப்ரவரியின் கடைசி வாரத்தில், 25ஆம் தேதி தேசிய நாளையும் 26ஆம் தேதி விடுதலை நாளையும் கொண்டாட நாடே விடுமுறையில் இருந்தபோது, சவூதி எல்லையை ஒட்டிய சால்மி போன்ற பாலைவனப் பகுதிகளில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத பிப்ரவரிக் குளிர் என்று செய்திகளில் பேசப்பட்டது. அதே நாட்டில்தான் 2016 ஜூலை 21 அன்று மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது.

கடற்கரையை ஒட்டிய மங்காஃபுக்கும் உள்நாட்டுப் பாலைவனத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் மனத்தில் கொள்ளுங்கள். மணலும் வறண்ட காற்றும் பகலில் வாங்கிய சூட்டை மேகமில்லாத இரவில் வேகமாக இழந்துவிடுகின்றன. கடலும் காங்கிரீட்டும் அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நீங்கள் தங்கும் இடம் மங்காஃபாக இருந்தாலும் வேலைத்தளம் முத்லாவிலோ வஃப்ராவிலோ இருந்தால், காலை ஆறு மணிக்கு அங்கே இறங்கும்போது அறையில் உணர்ந்ததைவிட நான்கைந்து டிகிரி குறைவாகவும், தடுக்கச் சுவர் இல்லாத காற்றோடும் இருக்கும். பத்து மணிக்கு அதே இடத்தில் வெயில் சுடும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரே ஒரு கனத்த கோட்டு உதவாது. உள்ளே ஒரு முழுக்கைப் பனியன், அதன்மேல் சட்டை, அதற்குமேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கி உடுத்தி, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுவதே முறை. காதையும் கழுத்தையும் மூட ஒரு மஃப்ளர் இருந்தால் பாதிக் குளிர் தெரியாது. ஊரிலிருந்து இவ்வளவு மட்டும் கொண்டு வந்தால் போதும். போர்வையைத் தூக்கி வந்து விமானத்தின் எடைக் கணக்கை வீணாக்காதீர்கள்; அல்ராய் பகுதியில் உள்ள வெள்ளிக்கிழமைச் சந்தையில் போர்வையும் ஜாக்கெட்டும் மலிவாகக் கிடைக்கும், அதிலும் பிப்ரவரிக் கடைசியில் குளிர்ச் சரக்கைத் தள்ளிவிடும் அவசரத்தில் இருப்பார்கள்.

அறைக்குள் குளிரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இங்குள்ள கட்டடங்கள் கோடையை எண்ணிக் கட்டப்பட்டவை. சென்ட்ரல் ஏசி இருக்கும், சூடேற்றும் வசதி பல இடங்களில் இருக்காது. எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்றை அறைவாசிகள் பங்கிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சுவரில் உள்ள பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும், நான்கைந்து கருவிகள் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகக் கூடாது. கரியடுப்பை மட்டும் எந்த நிலையிலும் மூடிய அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ள அது வாய்ப்பே கொடுக்காது. குளிர்காலத்தில் வளைகுடா நாடுகளில் இப்படி உயிரிழப்பவர்களில் நம் நாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அறையில் யாராவது கரி மூட்டினால், வயதில் மூத்தவராக இருந்தாலும், தயங்காமல் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரும் காற்றைப் போலவே மாறும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதால் பிப்ரவரியில் அதிகாலைக் குழாய்நீர் விரல்களை மரக்கச் செய்யும், கீசர் இல்லாமல் குளிக்க முடியாது. மே மாதம் வந்தால் இதே குழாயில் கொதிநீர் வரும். அப்போது கீசரை நிறுத்திவிட்டு, அறைக்குள் இருக்கும் அதன் தொட்டியில் தேங்கி ஆறிய நீரைச் சுடுநீர்க் குழாயில் பிடித்துக் குளிப்பது இங்கே அனைவரும் அறிந்த உபாயம்.

இனி உங்கள் மகளைப் பற்றி. குளிரைவிட எனக்குக் கவலை தருவது தூசுதான், ஏனென்றால் குளிருக்குத் துணி உண்டு. மழை குறைந்து மண் காய்ந்து காற்று வலுக்கும் மார்ச் முதல் புழுதி நாள்கள் அதிகமாகும். 2011 மார்ச் 25 அன்று வெள்ளிக்கிழமை பிற்பகலில் பல மாடி உயரச் செம்மண் சுவர் போன்ற புழுதி நகரத்தின்மேல் வந்து கவிந்து, சில நிமிடங்களில் பகலை இருட்டாக்கியது. அந்த அளவுக்கு வருவது அரிது. ஆனால் வானம் வெளுத்த மஞ்சளாகி, எதிர்க் கட்டடம் மங்கித் தெரிந்து, பற்களில் மணல் நறநறக்கும் நாள்கள் அரிதல்ல.

அப்படிப்பட்ட நாளில் குழந்தையை வெளியே அனுப்பாமல் இருப்பதும், ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகுவதும், வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் போதுமான அளவுக்குப் பயன்படும். துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது. என்95 வகையைப் பெரியவர்களுக்காவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் வருவதற்கு முன்பே, குளிர்காலம் முழுவதும் நின்றுபோயிருந்த ஏசியின் வடிகட்டியை ஹாரிஸிடம், அதாவது கட்டடக் காவலாளியிடம், சொல்லிக் கழுவச் செய்துவிட வேண்டும்; இல்லையென்றால் ஏப்ரலில் முதல்முறை ஏசியைப் போடும் இரவில் நான்கு மாதத் தூசும் குழந்தையின் மூச்சில்தான் சேரும். இன்னொன்றும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016 டிசம்பரில் ஓர் இடிமழையை அடுத்து மூச்சிரைப்பு நோயாளிகள் திடீரென மருத்துவமனைகளை நிறைத்தார்கள், சிலர் இறந்தும்போனார்கள். மழை தூசை அடக்கிவிடும் என்பது பொதுவில் சரியானாலும், இடியோடு வரும் முதல் காற்று மகரந்தத்தையும் நுண்தூசையும் கிளப்பிவிடும் என்பதால், மழையை வேடிக்கை பார்க்க அவளைப் பால்கனியில் நிறுத்தாதீர்கள்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்து நூறு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நாடு இது. சென்னையில் ஒரே நாளில் அவ்வளவு பெய்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்சமும் ஓரிரு மணி நேரத்தில் கொட்டினால் போக வழி இருக்காது. 2018 நவம்பரில் சுரங்கப் பாதைகளும் நெடுஞ்சாலைகளும் மூழ்கி, பொதுப்பணித் துறை அமைச்சரே பதவி விலகினார். வண்டி ஓட்டத் தொடங்கியபின், பல வாரத் தூசும் எண்ணெயும் படிந்த சாலையில் முதல் மழை விழும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஈரமான தென்கிழக்குக் காற்று குளிர்ந்த தரைமேல் தங்கும் பிப்ரவரிக் காலைகளில் மூடுபனியும் உண்டு. விமான நிலையத்துக்கு யாரையாவது அழைக்கப் போவதென்றால் விமானம் தாமதமாகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு இந்தப் பருவத்தை வெறுத்துவிடாதீர்கள். ஆண்டில் மிக அழகான வெள்ளிக்கிழமைகள் இவைதாம். நவம்பர் நடுவில் தொடங்கும் பாலைவனக் கூடாரக் காலம் மார்ச் நடுவரை நீடிக்கும். வஸ்ம் எனப்படும் அக்டோபர், நவம்பர் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், பின்குளிர்காலத்தில் மணலுக்கடியில் ஃபகா என்னும் காளான் வகை விளையும். குவைத்திகள் பெரும் விலை கொடுத்து வாங்குவார்கள். மணலில் மஞ்சள் நிறத்தில் அர்ஃபஜ் பூக்கும். நண்பர்களோடு போய்ப் பாருங்கள், ஆனால் வண்டித்தடம் உள்ள வழியை விட்டு விலகாதீர்கள். 1990, 91 போரில் புதைந்த வெடிபொருள்கள் மழையாலும் காற்றாலும் மணல் விலகி இன்றும் வெளிப்படுகின்றன. மினுங்கும் உலோகம் எதையும் தொடக் கூடாது என்பதை மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

குடும்பத்தை மார்ச் இறுதியில் அழைப்பதா, தள்ளிப்போடுவதா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தூசை மட்டும் எண்ணினால் நவம்பர்தான் நல்ல மாதம். ஆனால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால் மார்ச் இறுதியே நடைமுறைக்கு ஏற்றது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை சராயாத் எனப்படும் திடீர் இடிமழைகளும் புழுதிக் காற்றும் பெரும்பாலும் மாலையில் கிளம்பும். எனவே முதல் சில வாரங்களுக்கு மாலைப் பூங்காவைத் தவிர்த்துக் காலையில் விளையாட விடுங்கள். ஊரில் அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் நோய் விவரத்தையும் மருந்துகளின் பொதுப்பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, இரண்டு மாதத்துக்கான இன்ஹேலரையும் அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாயையும் கைப்பையிலேயே எடுத்து வரச் சொல்லுங்கள். அவளுக்குச் சிவில் ஐடி எனப்படும் இந்நாட்டு அடையாள அட்டை கிடைக்கும்வரை அது கைகொடுக்கும். இருமல் மருந்துகளில் கோடீன் கலந்தது எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது, அதில் இந்த நாட்டுச் சட்டம் கடுமையானது. கம்பளிச் சட்டைகளை ஏப்ரல் முதல் வாரம் வரை பெட்டிக்குள் வைக்க வேண்டாம். மனைவிக்கும் குழந்தைக்கும் ஆளுக்கு ஒன்று போதும்.